காத்து எடுக்குது

ஐப்பசி மழை இரண்டு நாள் நின்று பெய்து, காடு உழவுக்குப் பதமாக இருந்த நேரம். அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் எல்லாரும் சோளம் விதைக்க ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். என் குட்டி டிராக்டர் மட்டும் ரொட்டாவேட்டரைத் தூக்கமாட்டேன் என்கிறது. ஒரேயடியாக மறுத்தாலாவது மரியாதை. லீவரை இழுத்தால் ஒரு சாண் எழும்பும், நிற்கும், தலையாட்டும், மறுபடி அரைச் சாண் எழும்பும். சீட்டுக்கு அடியிலிருந்து, கட்டிப்போட்ட கன்றுக்குட்டி தாயைத் தேடுவது மாதிரி ஒரு முனகல் வேறு.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். கொஞ்சம் தென்னை, கொஞ்சம் குச்சிக்கிழங்கு, மேட்டில் மானாவாரிக் காடு. பெரிய டிராக்டர் தென்னைக்குள் நுழைந்து திரும்பினால் மட்டையெல்லாம் ஒடியும் என்றுதான் சின்ன வண்டி வாங்கியது. கம்பெனிப் பெயர் எதற்கு? வண்டி மேல் குற்றமில்லை.

முதலில் வந்து பார்த்த மெக்கானிக் வண்டியை ஒரு சுற்று வந்தார். காதைச் சாய்த்துக் கேட்டார். “பம்ப் போச்சுங்” என்றார். வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை; உண்மையைச் சொன்னால், கேட்காதது எனக்குப் பிடித்தும் இருந்தது. நோய்க்குப் பெரிய பெயராக வைத்துவிட்டால் நமக்கு ஒரு நிம்மதி. கிழங்கு விற்ற பணத்தில் ஒரு பங்கு புதுப் பம்புக்குப் போனது. மாட்டியதும் நன்றாகத்தான் தூக்கியது. மூன்றாம் நாள் பழைய பல்லவி.

தூக்கும் கை போனபிறகுதான் டிராக்டர் என்றால் என்னவென்றே எனக்குப் புரிந்தது. இழுப்பதற்கு மாடு போதும். கலப்பையைத் தூக்கி, திருப்பி, வரப்பு ஓரத்தில் மறுபடி இறக்கி வைக்க ஒரு கை வேண்டும். மாட்டு உழவில் அந்தக் கை உழுகிறவனுடையது. கல்லில் கொழு இடறினால் மேழி அவன் உள்ளங்கைக்குச் சொல்லும், அவன் கொஞ்சம் தளர்த்துவான். ஆரம்ப கால டிராக்டர்களுக்கு இந்தக் கை இல்லை. கலப்பையை வண்டி கட்டி இழுப்பதுபோல் பின்னால் கட்டி இழுத்தார்கள். கொழு பாறையில் மாட்டினால் கலப்பை நின்றுவிடும், சக்கரம் நிற்காது. முன்பக்கம் குதிரை மாதிரி எழும்பி, ஓட்டுகிறவன் மேலேயே மல்லாந்து விழும். அப்படிச் செத்தவர்கள் பலர். முதல் உலகப்போர்க் காலத்தில் அயர்லாந்தில் டிராக்டர் உழவை மேற்பார்வை பார்க்கப் போன ஹாரி ஃபெர்குசன் என்ற மெக்கானிக், இந்தக் கோளாறை மனதில் போட்டுக்கொண்டு பல வருடம் அலைந்தார். மூன்று இடத்தில் கலப்பையைப் பிடித்து, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்குவது. மண் கெட்டியானால் மேல்கம்பி நெருக்கப்பட்டு, அந்த நெருக்கலே வால்வைத் தட்டிக் கலப்பையைக் கொஞ்சம் உயர்த்துவது. 1926-இல் காப்புரிமை. 1938-இல் ஹென்றி ஃபோர்டோடு கைகுலுக்கலிலேயே ஒப்பந்தம், 1939-இல் வண்டி வெளியே வந்தது. எழுதாத ஒப்பந்தம் பிறகு கோர்ட்டுக்குப் போனது வேறு கதை. அவர் பெயரைத் தாங்கிய வண்டிதான் 1960-இல் தொடங்கிய டாஃபே கம்பெனி வழியாகச் சென்னையில் உருவாகி நம் ஊர் உழவுக்கு வந்தது. இன்று எந்த நிறத்து டிராக்டரின் பின்னால் போய் நின்றாலும் அதே மூன்று பிடிதான். மேழி பிடித்தவனின் உள்ளங்கையை எண்ணெயில் செய்து வைத்திருக்கிறார் அந்த மனிதர்.

சரி, என் வண்டியின் உள்ளங்கைக்கு என்ன கேடு?

திருச்செங்கோட்டில் ஒருவர் இருக்கிறார், இருபது வருடம் ரிக் வண்டியில் ஓடியவர் என்று மச்சான் சொன்னார். திருச்செங்கோடு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மலைமேல் அர்த்தநாரீசுவரர். இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போடுகிறவர்களுக்கு அது ரிக் ஊர். மத்தியப் பிரதேசத்தில், ராஜஸ்தானில், எங்கேயோ ஒரு வறண்ட காட்டில், லாரி மேல் கோபுரம் நிமிர்த்தி 6½ அங்குலத் துளை போட்டுக்கொண்டிருக்கும் வண்டியின் நம்பர் பிளேட்டைப் பாருங்கள், இந்தப் பக்கத்து வண்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். பாறையை உடைக்கும் சுத்தியலுக்குக் காற்று. மற்றதெல்லாம், லாரியை நாலு காலில் தூக்கி நிறுத்துவது முதல் பைப்பைச் சுழற்றி இறக்குவது வரை, எண்ணெய் அழுத்தம். பக்கத்தில் பட்டறை இல்லாத பொட்டலில் ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டி நின்றால், கையிலிருக்கும் சாமானை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் வட்டாரத்தில் ஹைட்ராலிக் படிப்பு என்பது அப்படி வந்தது.

வந்தவர் ஸ்பேனரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்தார்.

“ஏனுங்ணா, காலைல தூக்கிட்டு மத்தியானம் மக்கர் பண்ணுதா? இல்ல காலைலயே மக்கரா?”

“காலைலயேதானுங் தம்பி.”

“மேல தூக்கி நிறுத்திட்டு வண்டிய ஆஃப் பண்ணுனா, அப்படியே நிக்குதா, இறங்குதா?”

இதை நான் பார்த்திருக்கவில்லை. அப்போதே செய்தோம். தட்டுத்தடுமாறி மேலே போன ரொட்டாவேட்டர், எஞ்சினை நிறுத்தியதும் அப்படியே நின்றது. டீ போட்டுக் கொண்டுவரும்வரை ஒரு விரல்கடைகூட இறங்கவில்லை. அவர் முகத்தில் பாதிச் சுமை இறங்கின மாதிரி இருந்தது. விளக்கினார்: தூக்கினது நின்றால், பிஸ்டன் சீல் நல்லா இருக்கு, எண்ணெயைப் பிடித்து வைக்கிற வால்வும் நல்லா இருக்கு. லிஃப்ட் மூடியைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை. சூடு ஏறினபிறகு மட்டும் சோர்ந்தால், இளகிய எண்ணெய் தேய்ந்த இடுக்கு வழியாக உள்ளுக்குள்ளேயே ஒழுகுகிறது என்று அர்த்தம். சூடு ஏறுமுன்பே முனகினால், பம்புக்கு எண்ணெய் வந்து சேரவில்லை. அழுத்தத்தில் குறை இல்லை, வரத்தில் குறை.

அப்புறம் ஒரு கண்ணாடி டம்ளர் கேட்டார். வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அடியிலிருந்து ஒரு டம்ளர் எண்ணெய் பிடித்து மட்கார்டு மேல் வைத்தார். மோர் கலந்த மாதிரி வெளுப்பாக இருந்தது. “மழைத்தண்ணி எறங்கியிருக்குமாட்ட” என்றேன் நான், பெரிய மெக்கானிக் மாதிரி. “டீயக் குடிங்ணா” என்றார். குடித்து முடிப்பதற்குள் டம்ளரின் அடி தெளிந்தது. தெளிவு மெல்ல மெல்ல மேலே ஏறியது. பொடிப்பொடிக் கொப்புளங்கள் மேலே போய் வெள்ளை வளையமாக ஒதுங்கின. தண்ணீராக இருந்தால் டீ நேரத்தில் தெளியாது, வெளுப்பு அப்படியே நிற்கும். இது காற்று.

“காத்து எடுக்குதுங்ணா.”

அந்த வார்த்தை என் காதில் விழுந்து எத்தனை வருடம் ஆகிவிட்டது! எங்கள் கிணற்றில் மோட்டார் மேலே இருந்த காலத்தில் வாரத்துக்கு ஒருதரம் அப்பா வாயிலிருந்து வரும் வார்த்தை. மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. குழாயில் குளுகுளுவென்று சத்தம் மட்டும். ஃபுட்வால்வு ஒழுகும், இல்லாவிட்டால் உறிஞ்சு குழாயின் இணைப்பில் சைக்கிள் டியூபை வெட்டிப் போட்ட வாஷர் காய்ந்திருக்கும். அப்பா சாணியைக் கரைத்துப் பம்பின் வாயில் ஊற்றுவார். சாணியிலிருக்கும் நார் போய் ஒழுகலை அடைக்கும். இணைப்பைச் சுற்றி ஈரக் களிமண்ணை அப்புவார். அப்பும்போது ஒரு இடத்தில் சத்தம் மாறும், “இங்கதான்டா” என்பார். கரைத்துக் கொடுக்கிற வேலை என்னுடையது. தண்ணீர் கீழே போகப் போகக் கிணற்றுக்குள் திட்டு வெட்டி மோட்டாரையும் கூடவே இறக்கினோம்; 25 அடிக்கு மேல் உறிஞ்சாது என்பது எங்களுக்கு அனுபவம். பம்ப் எதையும் இழுப்பதில்லை, அது கொஞ்சம் இடம் காலி பண்ணித் தருகிறது, வெளியிலிருக்கும் காற்றின் கனம்தான் தண்ணீரைத் தள்ளி ஏற்றுகிறது, அந்தக் கனம் தாங்குவது எவ்வளவு செய்தாலும் சுமார் 10 மீட்டர்தான் என்று இத்தாலியில் டோரிசெல்லி 1640-களில் பாதரசக் குழாயை வைத்துக் காட்டியதை நான் பிற்பாடு படித்தேன். நம்மவர்கள் அதைத் திட்டு திட்டாகக் கிணற்றில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

எண்ணெய் ஒழுகினால் தரையில் சொட்டும், துடைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றுதான் நான் வண்டிக்கு அடியில் படுத்துத் தேடியிருந்தேன். பம்புக்கு முந்தின பக்கத்தில் அந்த வித்தை செல்லாது. அங்கே ஓட்டை இருந்தால் எண்ணெய் வெளியே வராது; காற்று உள்ளே போகும். ஓடும்போது காய்ந்து கிடக்கும். நின்றபிறகு லேசாக ஈரம் கசிந்து புழுதி ஒட்டும், அவ்வளவுதான் அடையாளம். ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் குழாயின் முடிவில் அப்படி ஒரு செம்மண் வளையம் இருந்ததை நான் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். செம்மண் பூமியில் செம்மண் ஒட்டினால் யார் கண்டுகொள்வது?

வண்டி ஓட்டத்திலேயே இருந்தது. அவர் விரலில் கிரீஸை அள்ளி அந்த இணைப்பைச் சுற்றி அப்பினார். முனகல் நின்றது. வாயைப் பொத்தின மாதிரி நின்றது. கொஞ்ச நேரம் பொறுத்து லீவரை இழுத்தேன். ரொட்டாவேட்டர் ஒரே மூச்சில் மேலே போனது. அப்பாவின் களிமண்ணும் இந்த கிரீஸும் ஒன்றுதான் என்று அவரிடம் சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை; அவர் கவனம் வேறு இடத்தில் இருந்தது. நான் உற்சாகத்தில், பம்பிலிருந்து மேலே போகும் அழுத்தக் குழாயையும் விரலால் தடவிப் பார்க்கப் போனேன். மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளிவிட்டார்.

“அந்தப் பக்கம் கை வெக்காதீங்ணா.”

இழுக்கிற பக்கம் சாது. தள்ளுகிற பக்கம் அப்படி இல்லை. சதுர செண்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தம் என்று வையுங்கள். 7.5 செ.மீ. விட்டமுள்ள பிஸ்டனுக்குப் பின்னால் அது ஆறரை டன் தள்ளு. அதே அழுத்தம் ஊசிமுனை ஓட்டையில் வெளியே வந்தால் கண்ணுக்குக்கூடத் தெரியாத கீற்று. தோலைத் துளைத்து எண்ணெயை உள்ளே ஏற்றிவிடும். ஊசி குத்தின மாதிரிதான் இருக்கும், வலிகூட உடனே தெரியாது, ஆனால் அன்றைக்கே ஆபரேஷன் செய்யாவிட்டால் விரல், சில சமயம் கை. அழுத்தப் பக்கத்தை அட்டைத் துண்டை நீட்டித்தான் சோதிக்க வேண்டும். ரிக்கில் கூட இருந்த ஒருவர் கதையைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இணைப்பைக் கழற்றினோம். கழற்றுமுன் ரொட்டாவேட்டரைத் தரையில் இறக்கிவிட்டார், அதுவும் அவர் சொல்லாமலே சொன்ன பாடம். உள்ளே இருந்த ஓ-ரிங் உருண்டையாக இல்லை. சப்பையாகி, பழைய புளியங்கொட்டைத் தோல் மாதிரி விறைத்திருந்தது. பம்ப் மாற்றியவர்கள் அதையே கிரீஸ் தடவித் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். அந்த கிரீஸ் இருந்த வரைக்கும் என் புதுப் பம்ப் நன்றாக வேலை செய்திருக்கிறது. அவர் பையிலிருந்த டப்பாவில் பொருத்தமான வளையம் தேடி எடுத்து, எண்ணெயில் நனைத்துப் போட்டார். காற்று வெளியேற நாலைந்து தடவை ஏற்றி இறக்கினோம். டம்ளரில் மறுபடி பிடித்த எண்ணெய் தேன் நிறத்தில் இருந்தது.

கூலி என்னவென்று கேட்டதற்கு, பெட்ரோலுக்கு மட்டும் கொடுங்கள் என்றார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. பணத்தை எண்ணாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை உதைத்தவர், ஏதோ ஞாபகம் வந்தமாதிரி நிறுத்தினார்.

“ஏனுங்ணா, கழட்டுன பழைய பம்ப் எங்கீங்? அது நல்ல பம்ப்புங். வெச்சுக்குங்க, ஒதவும்.”

போன வாரம் ஒருவன் மைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தான், எடைக்குப் போட்டுவிட்டேன் என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் ரோட்டைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

“பேரீச்சம்பழமாச்சும் குடுத்தானுங்களா?”