கள்வர் குகையும் ஒரு கயிறும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஓக்லகோமா மாநிலத்தில், வில்பர்ட்டன் என்னும் சிற்றூருக்கு வடக்கே சான் போய் மலைகள் எழுகின்றன. மணற்பாறைக் குன்றுகளின் இடுக்கில் ஏறிச் சென்றால் ஒரு குகை. ஜெஸ்ஸி ஜேம்ஸ் போன்ற கொள்ளையர் இங்கே பதுங்கினர் என்பது செவிவழிச் செய்தி. 'கள்வர் குகை' என்ற பெயரைக் கேட்டதும், எருசலேம் ஆலயத்தில் ஆண்டவர் சாட்டையெடுத்த நாளே நம் நினைவுக்கு வந்தது. ஆயினும் நாம் தேடிச் சென்றது கள்வரின் சுவட்டை அன்று, சிறுவரின் சுவட்டை.

1954-ஆம் ஆண்டுக் கோடையில், துருக்கியில் பிறந்த உளநூல் அறிஞர் முசாபர் ஷெரிஃப், 11 வயதையொட்டிய 22 சிறுவரை இங்கு முகாமுக்குக் கொணர்ந்தார். அனைவரும் ஒரே நகரத்தார், ஒரே சமயத்தார், நடுத்தரக் குடும்பத்தார். 'கழுகுகள்', 'விரியன்கள்' என இரு குழுக்களாயினர். பின்னர்ப் பதக்கங்களையும் பேனாக்கத்திகளையும் பரிசாகக் காட்டி, பேஸ்பாலும் கயிறிழுத்தலும் நடத்தினர். சில நாள்களில் கொடிகள் எரிந்தன, குடில்கள் சூறையாடப்பட்டன. பகைக்குப் பழங்கதை எதுவும் தேவைப்படவில்லை!

பெரியோர் வேண்டுமென்றே மூட்டிய தீ இது. பிள்ளைகளை அறியாமையில் வைத்து இவ்வாறு செய்தது நமக்கு உடன்பாடன்று. முந்திய ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் இதே சோதனையை முயன்றபோது, சிறுவர்கள் பெரியோரின் சூழ்ச்சியை ஐயுற்று, தங்களுக்குள் சண்டையிட மறுத்துவிட்டனர். அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

ஒரே பந்தியில் அமர்த்தினால் பகை ஆறும் என்பதன்றோ நம் எல்லோருடைய எண்ணம்? இங்கே அதையும் செய்து பார்த்தனர். தட்டிலிருந்த உணவே ஆயுதமாயிற்று.

பின்பு ஒருநாள் தண்ணீர் நின்றது. மலைமேலிருந்த தொட்டியின் குழாயில் சாக்குத் துணி அடைத்திருந்தது. அடைத்தவர்கள் முகாம் நடத்தியவர்களே. தாகம் இரு குழுவுக்கும் ஒன்றே. ஆகையால் இருவரும் கூடி அடைப்பை நீக்கினர். அன்றிரவே மீண்டும் ஏச்சுப் பேச்சு! ஒரு தண்ணீர்த் தொட்டியால் மட்டும் மனம் மாறிவிடவில்லை. அடுத்து, திரைப்படம் ஒன்றைத் தருவிக்க இரு சாராரும் காசு சேர்த்தனர். உணவு கொணர வேண்டிய லாரி ஓடாது நின்றபோது, எந்தக் கயிற்றின் இரு முனைகளிலும் நின்று ஒருவரையொருவர் இழுத்தார்களோ, அதே கயிற்றை லாரியில் கட்டி எல்லோரும் ஒரு பக்கமாய் நின்று இழுத்தனர்.

முகாம் முடிந்தபோது ஒரே பேருந்தில் செல்லவே பலரும் விரும்பினர். வழியில் ஒரு சிற்றுண்டிக் கடை வந்தது. போட்டியொன்றில் வென்ற 5 டாலர் விரியன்களிடம் இருந்தது. அதைக் கொண்டு கழுகுகளுக்கும் சேர்த்தே மால்ட் கலந்த பால் வாங்கினார்கள்.