பொட்டி பாடின பாட்டு

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க மக்களே.

1995-ல அண்ணன் ஒரு 486 கணினி வாங்கினான். அதுல ஒரு சவுண்ட் கார்டு. ராத்திரி முழுக்க 'டூம்' ஆட்டம்தான். அதுல வர்ற கித்தார், கித்தார் மாதிரியே இருக்காது. தகர டப்பாக்குள்ள வண்டு மாட்டிக்கிட்ட மாதிரி ஒரு ரீங்காரம். ஆனா அதைக் கேட்டாலே எங்களுக்கு முடி சிலிர்க்கும்.

1999-ல புதுக் கணினி வந்துச்சு. பழைய பொட்டி காயலான் கடைக்குப் போச்சு. புதுசுலயும் அதே டூமைப் போட்டோம். இப்ப கித்தார் நிஜ கித்தார் மாதிரி, டிரம்ஸ் நிஜ டிரம்ஸ் மாதிரி. ஆனா வேற யாரோ வந்து வாசிக்கற மாதிரி இருந்துச்சு. அண்ணன் ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு எழுந்து போயிட்டான்.

காரணம் ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுது. 1993-ல வந்த டூம்ல இசை ஒலிப்பதிவா இல்லை. எந்த ஸ்வரம், எந்த வாத்தியம், எவ்வளவு நேரம்ங்கற குறிப்பு மட்டும்தான். வாசிக்க வேண்டியது கார்டு. எங்க கார்டுல வாசிச்சது யமஹாவோட எஃப்.எம். சில்லு.

ரேடியோ எஃப்.எம். இல்லீங்க, தத்துவம் மட்டும் அதே. ஒரு ஸ்வரத்தை லேசா அசைச்சா கமகம். அந்த அசைவை வினாடிக்கு நூத்துக்கணக்கான தடவைன்னு வேகப்படுத்தினா? காதுக்கு அது அசைவாவே தெரியாது, புது வாத்தியமாக் கேக்கும். 1967-ல ஸ்டான்ஃபோர்டுல ஜான் சௌனிங் கண்டுபிடிச்சது இது. யமஹா உரிமம் வாங்கி, 1983-ல டிஎக்ஸ்7 கீபோர்டு போட்டுச்சு. அதுல ஒரு குரலுக்கு 6 அலை. 1988-ல வந்த சேகா மெகா டிரைவ் சில்லுல 4. 1987 ஆட்லிப் கார்டு, 1989 சவுண்ட் பிளாஸ்டர் ரெண்டுலயும் இருந்த ஒய்எம்3812-ல வெறும் 2. மொத்தமே 9 குரல்.

ரெண்டு அலையை வச்சுக்கிட்டு கித்தாரை நகலெடுக்க முடியுமா? முடியலை. முடியாம போனதுதான் அந்த ரீங்காரம். கித்தாராத் தோத்த அது, எங்களுக்குத் தனி வாத்தியமாவே ஆயிடுச்சு. காயலான் கடைக்கு நாங்க எடைக்குப் போட்டது அந்த வாத்தியக்காரரை. குறிப்பு இருந்தும் பாட்டு இல்லாம போனது அதனாலதான்.

நல்லவேளை, என்னை விடக் கிறுக்குப் பிடிச்சவங்க உலகத்துல இருக்காங்க. இந்தக் குடும்பத்துச் சில்லுகளோட மேல்மூடியை நீக்கி, உள்ளே இருக்கற சுற்றைப் படம் எடுத்து, அது எப்படிக் கணக்குப் போடுதோ அப்படியே மென்பொருளா எழுதியிருக்காங்க. போன மாசம் அதுல டூமோட முதல் கட்டத்தை ஓட விட்டேன். அதே வண்டு!

பதிவு பண்ணி அண்ணனுக்கு அனுப்பினேன். நாங்க பேசியே நாலு மாசம் ஆச்சு, பெரிய சண்டைல்லாம் இல்ல, சும்மா விட்டுப்போச்சு. என்ன ஏதுன்னு ஒரு வரி கூட எழுதலை, வெறும் கோப்பு மட்டும்.

அஞ்சே நிமிஷத்துல போன். ஹலோ கூடச் சொல்லலை.

"டேய், நம்ம பொட்டிடா!"