குனிந்து நுழையும் வாசல்



திருவருகைக் காலம் தொடங்கியதும் நம் பங்குகளில் எத்தனை பரபரப்பு! குடில் அமைக்க வைக்கோல் தேட வேண்டும். விண்மீன் கட்ட மூங்கில் வேண்டும். பாடகர் குழுவுக்கு ஒத்திகை வேண்டும். இல்லங்களிலோ புத்தாடை, பலகாரம் பற்றிய கவலை. இவை தீயவை அல்ல. ஆயினும், வருகிறவர் யார், அவர் எவ்வழியே வருகிறார் என்று எண்ண நமக்கு நேரமில்லாமற் போய்விடுகிறது. இதை நான் பிறரைக் குறைகூறும் நோக்குடன் எழுதவில்லை. இக்குற்றத்தில் முதற்குற்றவாளி நானே என்பதைப் பெத்லெகேம் நகரில் ஒரு சிறு வாசல் எனக்கு உணர்த்தியது.

2018-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில், திருயாத்திரிகர் முப்பது பேருடன் புனித நாட்டுக்குச் செல்லும் பேறு பெற்றேன். எருசலேமுக்குத் தெற்கே ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பெத்லெகேம். பேருந்துக்கு அது ஒரு பெரிய தூரமன்று. ஆனால் இடையிலே நிற்கிறது 2002 முதல் எழுப்பப்பட்ட தடுப்புச் சுவர். பெத்லெகேமின் அருகே அது ஏறத்தாழ எட்டு மீட்டர் உயரமுள்ள கான்கிரீட் சுவர். அயல்நாட்டாராகிய எங்களைச் சோதனைச் சாவடியில் விரைவிலேயே விட்டுவிட்டனர். எருசலேமுக்கு வேலைக்குச் செல்லும் உள்ளூர்த் தொழிலாளர்களோ விடியுமுன்பே அங்கு வரிசையில் நின்று காத்திருப்பர் என்றார் வழிகாட்டி. தாவீதின் ஊரில் மக்கள் இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

ஊரின் நடுச் சதுக்கத்தில் இறங்கினோம். எதிரே இயேசு பிறப்புப் பேராலயம். மன்னர் கான்ஸ்டன்டைன் காலத்தில், 4-ஆம் நூற்றாண்டில் எழுந்து, 6-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் ஆட்சியில் புதுப்பித்துக் கட்டப்பட்ட கோவில் அது. இத்தகைய கோவிலுக்கு எவ்வளவு பெரிய வாயில் இருக்கும் என்று நோக்கினால், கோட்டைச் சுவர் போன்ற முகப்பில் ஏறத்தாழ நான்கடி உயரமே உள்ள ஒரு துவாரம்! தாழ்ச்சியின் வாசல் என்று அதற்குப் பெயர். பண்டைய பெரிய வாயிலின் மேற்கல்லும், சிலுவைப் போர்க்காலத்து வளைவும் அச்சுவரில் இன்றும் தெரிகின்றன. குதிரை மீதமர்ந்தபடியே எவரும் கோவிலுக்குள் புகாதிருக்கும் பொருட்டே வாயிலைக் கல்லால் அடைத்துச் சிறிதாக்கினார்கள் என்பர். பெரிதாக இருந்த வாசல், நாளடைவில் சிறிதாக்கப்பட்டது. அரசனாயினும், ஆயராயினும், ஆண்டியாயினும் குனிந்தே நுழைய வேண்டும்.

நானும் குனிந்தேன். அந்தக் கணத்தில், பல ஆண்டுகளுக்கு முன் குனிந்து நுழைந்த வேறொரு வாசல் என் நினைவுக்கு வந்தது.

அப்போது கடலோரப் பகுதியில் ஒரு பங்கில் பணியாற்றினேன். வாழ்நாளெல்லாம் பனையேறி, நடமாட்டம் ஓய்ந்து படுக்கையில் கிடந்த முதியவர் ஒருவர் அப்பங்கில் இருந்தார். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று அவர் மனைவி என்னிடம் வந்தார். "சாமி, அவுக உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்காக. பாவசங்கீர்த்தனம் பண்ணி நன்மை வாங்கணுமாம்" என்றார். "இந்த வாரம் குடில் வேலை இருக்கிறது, அடுத்த வாரம் வருகிறேன், அம்மா" என்றேன். மூன்றாம் ஞாயிறன்று அவர் மீண்டும் வந்தார். அப்போது கலைநிகழ்ச்சி ஏற்பாடுகள். "திருநாளுக்குள் கட்டாயம் வருவேன்" என்றேன். டிசம்பர் 22 வைகறையில் அவர் இறந்துவிட்ட செய்தி வந்தது.

ஓலை வீடு, தாழ்ந்த வாசல். குனிந்து உள்ளே சென்றேன். படுக்கையருகே ஒரு சிறு முக்காலி. அதன்மேல் வெள்ளைத் துணி, ஒரு பாடுபட்ட சுரூபம், ஏற்றப்படாத இரு மெழுகுவர்த்திகள். "தெனமும் காலையில எடுத்து வைக்கச் சொல்லுவாக, சாமி. இன்னைக்கு வருவாக, இன்னைக்கு வருவாகன்னு" என்றார் அந்த அம்மையார். அவர் குரலில் கோபம் சிறிதும் இல்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாயிற்று. அவ்வாண்டு எங்கள் பங்கில் மிகச் சிறந்த திருவருகைக் காலத்தைக் கடைப்பிடித்தவர் அந்தப் பனையேறியே. நானோ குடிலைக் கட்டிக்கொண்டிருந்தேன். வருகைக்கு ஆயத்தம் செய்யவில்லை.

இந்த நினைவோடு பேராலயத்தினுள் நிமிர்ந்தேன். பிறப்பின் குகைக்குச் செல்ல அங்கும் நெடிய வரிசை. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். ஆண்டு முழுவதும் அங்கே யாத்திரிகர் பலமொழிகளில் கிறிஸ்து பிறப்புப் பாடல்களைப் பாடுவர். எங்கள் குழுவினரும், "சாமி, நாமும் பாடலாமா?" என்றனர். வயது முதிர்ந்த ஓர் அம்மையார், "நமக்கு இன்னும் திருநாள் வரலையே! அமைதியா நிப்போம்" என்றார். திருவருகைக் காலத்து ஞாயிறுகளில் வானவர் கீதத்தைத் திருச்சபை பாடாமல் விட்டுவைப்பதன் பொருளை எந்த இறையியல் நூலையும்விட நன்றாக அவர் அறிந்திருந்தார். பசித்திருப்பவனுக்கே உணவின் சுவை தெரியும் அல்லவா?

படிகளில் இறங்கினோம். பலிபீடத்தின் கீழே, சலவைக்கல் தரையில் பதினான்கு கதிர்களுள்ள வெள்ளி விண்மீன். கன்னி மரியாளிடமிருந்து இயேசு கிறிஸ்து இங்கே பிறந்தார் என்னும் பொருள்பட அதைச் சுற்றி இலத்தீன் எழுத்துகள். அதைத் தொட வேண்டுமானால் குனிந்தால் போதாது. முழந்தாளிட்டு, தலை தரையை நெருங்கத் தாழ வேண்டும். "ஆண்டவரே, அந்த ஓலை வீட்டில் நீர் எனக்காகக் காத்திருந்தீர்; நான் வரவில்லை" என்பதே அங்கு நான் சொன்ன செபம்.

12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெர்நார்து, ஆண்டவரின் வருகை மூன்று என்று போதித்தார். அன்று மாட்டுத் தொழுவத்திலே தாழ்மையில் வந்தார். உலக முடிவில் மாட்சியுடன் வருவார். இவ்விரண்டுக்கும் இடையே, கண்ணுக்குப் புலப்படாதவாறு நம் உள்ளத்தில் வருகிறார். திருவழிபாடும் இவ்வொழுங்கையே பின்பற்றுகிறது. திருவருகைக் காலத்தின் முற்பகுதி இறுதி வருகையையும், டிசம்பர் 17 முதல் 24 வரையுள்ள நாட்கள் பெத்லெகேமின் வருகையையும் நம் முன் வைக்கின்றன. ஆனால் இடைப்பட்ட வருகைக்குத் தேதி இல்லை. அது ஓர் ஏழைப் பெண்மணியின் வழியாக வந்து, "உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்காக" என்று அழைக்கும். நாம் அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்துவிடுவோம்.

அப்பேராலயத்தில் மற்றொன்றும் என் மனத்தைத் தொட்டது. நாம் டிசம்பர் 25 அன்று பிறப்பு விழாவைக் கொண்டாடுகிறோம். அதே பேராலயத்தில் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையார் ஜனவரி 7 அன்றும், ஆர்மேனியர் ஜனவரி 19 அன்றும் கொண்டாடுகின்றனர். நம் விழா முடிந்து விளக்குகள் அணைந்த பின்னும், அங்கே இன்னும் சிலர் காத்திருக்கின்றனர். காசாவில் நடந்த போரின் காரணமாக 2023-இலும் 2024-இலும் அந்தச் சதுக்கத்தில் அலங்கார மரமோ ஒளி விளக்குகளோ இல்லை. ஆயினும் நள்ளிரவுத் திருப்பலி நிறைவேறியது. அலங்காரம் அகன்றாலும் ஆண்டவரின் வருகை நின்றுபோவதில்லை.

அன்பர்களே, நம் இல்லங்களில் குடில் எழட்டும், விண்மீன் ஒளிரட்டும். ஆனால் வைக்கோல் பரப்புமுன் ஒரு காரியம் செய்வோம். நம் தெருவில், நம் உறவில், நம் வருகைக்காகக் காத்திருப்பவர் யாரென்று குடும்பமாக அமர்ந்து எண்ணிப் பார்ப்போம். பேச்சு நின்றுபோன தமையனாக இருக்கலாம். தனியே வாழும் மாமியாராக இருக்கலாம். படுக்கையில் கிடக்கும் அண்டை வீட்டாராக இருக்கலாம். அவரிடம் இந்த வாரமே செல்வோம். அங்கு வாசல் தாழ்வாகத்தான் இருக்கும். நம் தன்மானம் சற்றே இடிபடும். குனிவோம்.

இப்போதெல்லாம் திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தை நோயாளிகளின் வீடுகளுக்கென்றே ஒதுக்கிவைக்கிறேன். குடில் வேலையை இளைஞர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் முக்காலியின் மேல் விரித்த வெள்ளைத் துணியைக் காணும்போது, நான் மெழுகுவர்த்தி ஏற்றாமற்போன அந்த முதியவருக்காக ஒரு கணம் செபித்துவிட்டே திருச்சடங்கைத் தொடங்குகிறேன்.