பெற்றோல் இல்லாத சனிக்கிழமைகள்

மார்ச் 31, 2022

இன்று 13 மணி நேர மின்வெட்டு. பொழுதுபட்ட பிறகு புளியங்குளம் சந்தியில் ஏ9 வீதியால் போகும் லொறிகளின் வெளிச்சம் மட்டும்தான். மெழுகுதிரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரீச்சர் சனிக்கிழமைக்கான சாமான்களை எடுத்து வைக்கிறார்: மணல் கட்டிய துணிப்பைகள், சிரட்டைகள், கொக்கான் கற்கள், பழைய சைக்கிள் ரியூப் ஒன்று. சனிக்கிழமைகளில் அவர் நடத்தும் விளையாட்டு நேரத்துக்கு நெடுங்கேணி வீதியிலிருந்தும் கனகராயன்குளம் பக்கமிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். ஓட்டிசம் உள்ளவர்கள், ஓரிடத்தில் இருக்கமுடியாமல் ஓடித் திரிபவர்கள், ஏழு வயதாகியும் ஒரு சொல் பேசாத ஒருவன்.

இந்தப் பக்கத்தில் இத்தனை பிள்ளைகளா என்று கேட்பவர்களுக்கு அவர் ஒரு கணக்குச் சொல்வார். இலங்கையில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளைப் பரிசோதித்து, பேராசிரியர் ஹேமமாலி பெரேராவின் குழு 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் என்று அதில் தெரியவந்தது. பார்த்தது 374 குழந்தைகளைத்தான், சிறிய ஆய்வு. ரீச்சரின் மனதில் நிற்பது அதிலுள்ள வேறொரு விஷயம். மேல்நாட்டில் தயாரித்த கேள்விப் பட்டியலைத் தாய்மாரிடம் கொடுத்தபோது, ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோர் அதில் பிடிபடவே இல்லை. பிறகு பெரேராவின் குழு படங்களைக் காட்டிக் கேட்கும் முறை ஒன்றை உருவாக்கியது. “தாய்க்குத் தெரியும். கேட்கிற விதத்தில் கேட்கவேணும்” என்று கொப்பியில் எழுதி, அடியில் கோடு போட்டிருக்கிறார்.

ஏப்ரல் 2

காலையில் விளையாட்டு. மாலை ஆறு மணியிலிருந்து ஊரடங்கு.

ஏப்ரல் 7

ஏழு வயதுக்காரனின் தாய் தொலைபேசியில் அழுதார். “கரண்ட் போற நேரமெல்லாம் எழும்பி நிண்டு கத்துறான், ரீச்சர். ஃபான் சுத்தாட்டிப் படுக்கமாட்டான்.” பனையோலை விசிறியால் விடிய விடிய விசுக்கியும் பயனில்லை. அவனுக்கு வேண்டியது காற்றில்லை, சத்தம். மூன்றாம் நாள் இரவு தாய் அதைக் கண்டுபிடித்துவிட்டார். அவன் முதுகில் வாயை வைத்து, மூச்சுப் பிடித்து, ஃபான் மாதிரி இரைந்திருக்கிறார். அவன் திரும்பிப் படுத்து, தாயின் தொண்டையில் கையை வைத்துக்கொண்டானாம். நித்திரை வரும்வரை கையை எடுக்கவில்லை.

ரீச்சருக்கு ஒரு யோசனை சொல்லவும் இடமிருக்கவில்லை.

ஏப்ரல் 16

புத்தாண்டுக்குக் கட்டிய ஊஞ்சலைக் கழற்றாமல் விட்டுவைத்திருந்தார்கள். பிள்ளைகள் இறங்க மறுத்தார்கள். ஆடும்போது உட்காதிலிருந்து மூளைக்குப் போகும் சமநிலை உணர்வு சில பிள்ளைகளை அமைதிப்படுத்துகிறது என்ற எண்ணத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் அமெரிக்கரான ஜீன் ஏயர்ஸ். 1972இல் அவருடைய நூல் வந்தது. 40 ஆண்டு கழித்து, 2012இல், அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் இவ்வகைச் சிகிச்சைக்குச் சான்று போதாது, பெற்றோருக்கு அதைச் சொல்லிவிடவேண்டும் என்றது. ரீச்சர் சொல்லிவிடுகிறார். ஊஞ்சல் ஓட்டிசத்தை மாற்றும் என்று எந்தத் தாய்க்கும் அவர் வாக்குக் கொடுப்பதில்லை. பிள்ளை ஊஞ்சலில் சிரிக்கிறது, அதற்காகக் கட்டலாம்.

மே 10

நேற்றிலிருந்து திரும்பவும் ஊரடங்கு. சாமான் பையை எலி கடித்துவிட்டது.

மே 21

பிள்ளைகள் தண்ணீர் ஊற்றி விளையாடிக்கொண்டிருக்க, தாய்மார் மரநிழலில் கொக்கான் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவரின் கை மின்னல் வேகம். எங்கே பழகினீர்கள் என்றால், “பங்கருக்குள்ள” என்றார். 1997 மே மாதம் தொடங்கிய இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கையில் மாதக்கணக்காகச் சண்டை நடந்த இடம் புளியங்குளம். அப்போது அவர் சின்னப் பிள்ளை. வெளியே செல் விழும்போது உள்ளே ஐந்து கற்கள்.

ரீச்சர் அடிக்கடி மட்டக்களப்பு வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைப் பற்றிப் பேசுவார். கனடிய ஓவியர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவியும் உளவளத் துணையாளருமான போல் சற்குணநாயகம் அடிகளும் 1996இல், யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, அதைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே வளவுக்குள் களிமண் பிசைந்தார்கள், வண்ணம் தீட்டினார்கள், கதை சொன்னார்கள், கூத்தாடினார்கள். அங்கே வந்தவை யுத்தத்தில் அடிபட்ட பிள்ளைகள். இங்கே வருபவை வேறு மாதிரியான பிள்ளைகள். இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிடக் கூடாது. ஆனாலும் விளையாட்டை மருந்துக் குளிசை போல அளந்து கொடுக்காமல், ஒரு முழு இடமாகவே கொடுத்தார்களே, அது ரீச்சருக்கு இன்னும் ஆச்சரியம்.

உதவி தரும் இடத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் எதிரே: முன்னேற்றம், ஆம் அல்லது இல்லை. கொக்கான் வெட்டிய தாயை எந்தப் பெட்டிக்குள் போடுவது?

ஜூன் 28

அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் எரிபொருள், ஜூலை 10 வரை. ஓட்டோக்காரர் கையை விரித்துவிட்டார். சனிக்கிழமை நடக்காது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லவேண்டும். மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்கலாம். சனிக்கிழமை என்றால் சனிக்கிழமைதான் என்று ஐந்து மணிக்கே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படலையில் நிற்கிற பிள்ளைக்கு அமைச்சரவை முடிவை யார் விளக்குவது? இரவு படிவத்தை எடுத்து எல்லாருக்கும் “இல்லை” என்று நிரப்பினார். பிறகு கிழித்துவிட்டார்.

ஜூலை 3

ரீச்சர் பிள்ளைகளைச் சைக்கிளில் போய்ப் பார்த்தார். வெயிலுக்கு முன்னே புறப்பட்டும் நெடுங்கேணி வீதியில் கால் கடுத்துவிட்டது.

ஏழு வயதுக்காரனின் வீட்டு வளவில் அயல் பிள்ளைகள் கிளித்தட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடமில்லை, ரியூசனில்லை, முற்றம் முழுக்கப் பிள்ளைகள். மண்ணில் தடியால் கோடு கீறியிருந்தது. குறுக்குக் கோடுகளில் ஆட்கள் மறித்து நிற்க, நடுக்கோட்டில் ஓடித் திரிவது கிளி. கிளிக்குப் பின்னால், ஒரு அடி பிசகாமல், அந்த நடுக்கோட்டிலேயே அவன் போய்க்கொண்டிருந்தான். போவான், முனையில் நின்று திரும்புவான், வருவான். கோடுகளில் நடப்பது அவனுக்கு உயிர். அவனால் ஆட்டம் ஒரு தடவையும் தடைப்படவில்லை. விழுந்தடித்து ஓடுகிறவர்கள்கூட அவனைச் சுற்றித்தான் போனார்கள்.

“அவன் தொட்டாச் செல்லாது, ரீச்சர்,” என்றாள் ஒரு பெட்டை. “ஆனா அவனும் கிளிதான். கோடு அழிஞ்சா அவன்தான் எங்களுக்குக் காட்டுவான்.”

இந்த ஒழுங்கை யார் சொல்லித் தந்தது என்று கேட்டார். அவளுக்குக் கேள்வி விளங்கவில்லை. தண்ணீர் குடிக்க ஓடிவிட்டாள்.

திரும்பும் வழியில் ரீச்சர் வாய்விட்டுப் பாடிக்கொண்டு வந்தார்.

ஜூலை 9

கொழும்பில் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்துவிட்டதாம். இன்றும் சனிக்கிழமை.

ஜூலை 30

எரிபொருளுக்கு இப்போது கியூஆர் அட்டை, ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர். தூரத்துப் பிள்ளைகளைக் கிழமை மாறி எடுக்கலாம் என்று ஓட்டோக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மூன்று வீடுகளில் இனி வரவில்லை என்றுவிட்டார்கள். கூலி வேலைக்குப் போகிற ஆட்களுக்குச் சனிக்கிழமை ஒரு நாள் சம்பளம். அதில் குறை சொல்ல எதுவுமில்லை.

ஏழு வயதுக்காரனின் தாயும் வந்தார். வவுனியாக் கடவுச்சீட்டு அலுவலகத்துக்கு முன்னால் இரவிரவாக வரிசையில் நின்ற களை முகத்தில் தெரிந்தது. குவைத்துக்கு, வீட்டு வேலைக்கு, இரண்டு வருடம். கடன் அப்படி. “ஃபான் சத்தம், ஊஞ்சல், சாப்பாடு தீத்திற விதம், எல்லாத்தையும் அம்மாவுக்குப் பழக்கிவிடுவியளோ, ரீச்சர்?” என்று கேட்டார். போகவேண்டாம் என்று சொல்ல ரீச்சருக்கு வாய் வந்தது. சொல்லவில்லை. அந்தக் கடனை அவர் அடைக்கப் போவதில்லை.

அடுத்த சனிக்கிழமை அம்மம்மாவைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். அம்மம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. பிள்ளையைப் பார்ப்பன், சோறு தீத்துவன், இந்த வயசில விளையாடவும் வேணுமோ என்கிறாராம். அயல் பெட்டையையும் சேர்த்துக் கூட்டிவரலாமா என்று தாய் கேட்டார். ஓட்டோவில் இடமிருக்குமா என்று பார்க்கவேண்டும்.