ஏழுக்கு நாலு

சிவிலைசேஷன் 6 விளையாடியவர்களுக்குத் தெரியும், அதில் நம்ம கண்டி ஒரு நகர அரசாக வரும். கண்டிக்குத் தூதர்களை அனுப்பி அதன் மேலாளுமையைப் பிடித்துவிட்டால், புதிதாக ஓர் இயற்கை அதிசயத்தைக் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு புனிதச் சின்னம் கிடைக்கும். தலதா மாளிகை இருக்கும் ஊர்தானே, பொருத்தம்தான். ஆனால் கறுவா? அது சன்சிபாரிடம் இருக்கிறது. முதல்தடவை அதைப் பார்த்தபோது நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் "டேய்!" என்று கத்தினோம்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டு முன்னறை, ஒரு பழைய லெப்டொப், நாங்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ராஜா. சண்டை பிடிப்பதைவிட எங்களுக்குப் பிடித்தது வியாபாரம். கொம்பியூட்டர் நடத்தும் ராஜாக்களிடம் எப்படி நல்ல விலை வாங்குவது என்பதில் எங்களுக்குள்ளேயே பெரிய வாக்குவாதம் நடக்கும்.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு ராஜாவுக்கும் உங்களைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருக்கும். அது சும்மா இல்லை, கூட்டல் கழித்தல் கணக்கு. சந்தித்த உடனே 25 பொன் செலவழித்து ஒரு தூதுக்குழு அனுப்பினால் கொஞ்சம் கூடும். அவருக்குப் பிடிக்காததைச் செய்தால் குறையும். இந்தியாவை ஆளும் காந்திக்கு, காரணமில்லாமல் சண்டைக்குப் போகிறவர்களைக் கண்ணில் காட்டக்கூடாது. இந்தக் கணக்கு நேரே வியாபாரத்துக்குள் வந்துவிடும். காந்தி எங்களோடு நட்பாக இருந்தபோது ஒரு தேயிலைக்கு முறைக்கு ஆறு பொன் வீதம் முப்பது முறைக்குத் தந்தார். நாங்கள் பக்கத்து நாட்டுக்குள் திடீரென்று புகுந்தோம். பிறகு அதே தேயிலைக்கு மூன்று பொன்னுக்கு மேல் அவர் வரவே இல்லை. தேயிலை மாறவில்லை. அவர் மனம் மாறிவிட்டது.

ஆகவே எங்கள் பாடம் இதுதான்: தூதுக்குழுவைக் கண்ட அன்றைக்கே அனுப்புங்கள். கோபம் வந்த பிறகு அனுப்பினால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். அந்த 25 பொன் நட்டமில்லை, முதல்.

இது விளையாட்டுக்காரர்கள் கண்டுபிடித்த தந்திரமும் இல்லை. ஒல்லாந்தர்கள் வருடா வருடம் பரிசுகளோடு கண்டிக்குத் தூதுக்குழு அனுப்பினார்கள். எதற்கு? ராஜாவின் நிலத்தில் கறுவா உரிக்க அனுமதி வேண்டும். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் சியாமிலிருந்து பிக்குகளை அழைத்துவர விரும்பியபோது கப்பல் கொடுத்ததும் ஒல்லாந்தர்தான். 1753இல் உபாலி தேரர் வந்து சேர்ந்தார், சியாம் நிகாய தொடங்கியது. கப்பல் கொடுத்தவர்களுக்குப் பௌத்தத்தின் மீது பக்தி பொங்கியதாக நாங்கள் நினைக்கவில்லை. கறுவாக் கணக்கில் ஒரு கூட்டல் போட்டார்கள், அவ்வளவுதான். பிறகு சண்டை மூண்டது. 1766 ஒப்பந்தத்தோடு கண்டி தன் கடற்கரை முழுவதையும் இழந்தது.

எங்களுக்கும் இந்தக் கணக்கு தெரியாததில்லை. கண்டி மார்க்கட்டில் வாயைத் திறந்து "அய்யே, அடு கரலா தென்ன" என்று பிசகாத சிங்களத்தில் கேட்டால் ஒரு விலை. உச்சரிப்பு கொஞ்சம் தடுக்கினால் இன்னொரு விலை. எல்லாக் கடையிலும் இல்லை, எல்லா நாளும் இல்லை. ஆனாலும் எங்கள் மூன்று பேரில் சிங்களம் நன்றாக வருகிறவனைத்தான் நாங்கள் முன்னால் அனுப்புகிறோம். அவன்தான் எங்கள் 25 பொன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாடிக்கொண்டிருந்தபோது தாத்தா வந்து பின்னால் நின்றார். எங்களில் ஒருத்தனுக்குத்தான் தாத்தா, ஆனால் மூன்று பேரும் அப்படித்தான் கூப்பிடுவோம். கலஹாப் பக்கம் தோட்டத்தில் வேலை செய்தவர். எண்பது தாண்டிவிட்டது.

"யாருடா இது, காந்தியா? என்ன கேக்குறாரு?"

"தேயிலை கேக்குறாரு தாத்தா."

"எவ்வளவு குடுக்குறாரு?"

சொன்னோம். வியாபாரப் பலகையையும் காட்டினோம். இந்தப் பக்கம் எங்கள் சாமான், அந்தப் பக்கம் அவர் சாமான், நடுவில் பேரம். பொன், தேயிலை, இரும்பு, ஓவியம், ஒரு முழு நகரம்கூட வைக்கலாம் என்றோம். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆளுகளையும் வைக்கலாமா?"

"புடிபட்ட உளவாளிய மட்டும் வைக்கலாம் தாத்தா."

"அப்ப பரவால்ல. எங்கள வச்சாங்க" என்றார்.

எங்களுக்குத் தெரிந்த கதைதான். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து மலையகத்தவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும். ஏழுக்கு நாலு. மிஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைத்து, 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். இரண்டு நாட்டுக்கும் நல்லுறவு வேண்டும் என்பதற்காகத்தான் எல்லாம். பரீட்சைக்குப் படித்தபோது இந்த எண்களை நாங்கள் மனப்பாடம் செய்திருந்தோம். தாத்தாவின் அக்கா அந்த ஏழில் ஒருவர் என்று மட்டும் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

அக்காவின் புருஷன் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தார், தாத்தா இலங்கைக்கு. ஒரே லயம், அடுத்தடுத்த காம்பரா. எழுபதுகளின் தொடக்கத்தில் தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல், பிறகு கோத்தகிரி. அங்கேயும் தேயிலைதானாம். "கொழுந்து பறிக்கிறது ஒன்னுதான்னு கடிதாசி போட்டுச்சு" என்றார் தாத்தா. அதற்குப் பிறகு அவர் அக்காவைப் பார்க்கவே இல்லை.

விளையாட்டில் நட்பு கூடினால் நல்லது என்றுதான் நாங்கள் இதுவரை நினைத்திருந்தோம். நட்பு கூடினால் பேரம் சீக்கிரம் படியும், உண்மைதான். பலகையில் என்ன வைக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. ராஜாவின் நாற்காலியில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்ததால் அதை நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. எங்கள் வீட்டு ஆட்கள் இருந்ததோ பலகையில்.

விளையாட்டை நாங்கள் விடவில்லை. அன்றைக்கு காந்தியிடம் நாலு பொன் வரைக்கும் இழுத்துப் பார்த்தோம், அவர் மசியவில்லை. தாத்தா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மூணுக்குக் குடுக்காத. வச்சிரு" என்றார்.

கொடுக்கவில்லை. இந்த வாரம் கோத்தகிரிக்கு ஒரு கடிதம் எழுதப்போகிறோம். பழைய விலாசம் ஒன்று தாத்தாவின் பெட்டிக்குள் இருக்கிறது.