சீட்டுக்கு அடியில் ஒண்டுக்குடித்தனம்

ஸ்போர்ட்ஸ் பைக்கின் சீட்டைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? பாட்டரி, ஃப்யூஸ் பெட்டி, டூல்கிட், மடித்துச் செருகிய இன்ஷூரன்ஸ் காப்பி... திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனம் தோற்றது. இதில் 'பிக்கிபேக்' என்றொரு ட்யூனிங் பெட்டி வேறு குடிவர வேண்டுமாம். இ.சி.யு.வுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, பெட்ரோல் எத்தனை மில்லி செகண்ட் பாயலாம் என்று திருத்திச் சொல்லுமாம்.

இடத்துக்கு அண்ணன் மகன் கண்டுபிடித்த வழி, லித்தியம் பாட்டரி. "ஈய பாட்டரி மூணு கிலோ, இது ஒரு கிலோதான் சித்தப்பா!"

வாஸ்தவம். ஈயத்தில் ஆறு செல், தலா 2 வோல்ட் சொச்சம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் நாலே செல், தலா 3.2. கூட்டினால் 12.8. டாலி ஆகிவிட்டது, பி.காம். படித்தவனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

ஆனால், ரெகுலேட்டர் பழுதாகி 15 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் ஈய பாட்டரி கொதிக்கும், நாறும், ஊரைக் கூட்டும். லித்தியம் உள்ளுக்குள்ளேயே சூடேறி வீங்கும். தடுக்க உள்ளே ஒரு காவல் சர்க்யூட் வேண்டும். பையன் பார்த்து வைத்திருந்த மலிவுச் சரக்கில் அது இல்லை. அந்த பாட்டரிக்கு நாலு விரல் மேலேதான் அவன் உட்காரப் போகிறான்.

பணம் தரவிருந்த அண்ணியிடம், "முதலில் ஒரு மல்டிமீட்டர் வாங்கிக் கொடுங்கள் அண்ணி" என்றேன். ஆக்ஸிலரேட்டரை முறுக்கி, 14.6-ஐத் தாண்டுகிறதா என்று அளந்து காட்டட்டும்.