வாடை முதுகில் இருக்கும்போது

“மாரியிலை ஆரும் சைக்கிளிலை ஊர் பாக்கப் போவினமோ?”

அம்மா கேட்டது நியாயம்தான். ஆனால் எங்களுக்கு லீவு கிடைத்ததே மார்கழி, தையில். யாழ்ப்பாணத்திலிருந்து எங்கே போகலாம் என்று நானும் சிநேகிதியும் ஃபோனில் வரைபடத்தை நோண்டிக்கொண்டிருந்தோம்.

அந்த மாதங்களில் காலி, மாத்தறைப் பக்கம் நல்ல வெயில். ஆனால் சைக்கிளை அவ்வளவு தூரம் ஏற்றி இறக்கக் காசில்லை. மட்டக்களப்பில் எங்களைவிட மழை. கியர் இல்லாத லுமாலாவோடு நுவரெலியாவை நினைக்கவே முழங்கால் நொந்தது. கடைசியில் காற்றைப் பார்த்துத்தான் முடிவெடுத்தோம். வைகாசிக்குப் பிறகு மன்னார்ப் பக்கம் மிதித்தால் தென்மேற்கிலிருந்து வரும் சோளகம் முகத்தில் அறையும். மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை. ஏ32 வீதி பூநகரி தாண்டித் தென்மேற்காக இறங்குவதால் அது முதுகில் இருக்கும். ஏற்றமும் இல்லை. ஆகவே பெருமழை ஓய்ந்து, பொங்கலும் முடிய, மன்னார். திரும்பி வர பஸ்.

“100 கிலோமீற்றருக்கு மேலை வரும் அம்மா.”

தூரத்தைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை. “எதாலை போறியள்?”

“நாவற்குழிப் பாலம் கடந்து, பிறகு...”

அம்மா எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டா.

1995 ஒக்டோபர் 30. வலிகாமமே வெளிக்கிட்ட இரவு. அம்மாவுக்கு அப்போது என்ர வயது. அவவும் மழைக்குள் அந்தப் பாலத்தால்தான் போனவ, சைக்கிளோடு. ஓடவில்லை, உருட்டினது. கரியரில் அரிசி, ஹான்டிலில் அம்மம்மாவின் சீலைப் பை. சனத்துக்குள் நெரிபட்டு, அந்தக் கொஞ்சத் தூரத்துக்கு விடிய விடிய எடுத்ததாம். எங்கே போவதென்று அன்றைக்கு ஒருத்தரும் தெரிவு செய்யவில்லை. “இங்கை மழை, அங்கை ஏற்றம்” என்று நான் இடம் பொறுக்கியது அவவுக்கு எப்படிக் கேட்டிருக்கும்?

இரண்டு நாள் கழித்து, பழைய ரியூப் ஒன்றை நீளமாக வெட்டிக் கொண்டுவந்து தந்தா. “பையை இதாலை கட்டு பிள்ளை. கயிறு ஈரத்திலை இளகும்.”

விடிய 5 மணிக்கு வெளிக்கிட்டோம். 2011 இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தில் காற்று எங்களைச் சாய்க்கப் பார்த்தது. பூநகரி தாண்ட, அதே காற்று பின்னாலிருந்து தள்ளியது. வெள்ளாங்குளத்துக்கு முன்னம் சிநேகிதியின் பின் ரயர் காற்றுப் போய்விட்டது. கையில் புது ரியூப் இருந்தும் மாற்றத் தெரியாமல் முக்கால் மணித்தியாலம். போக நினைப்பவர்கள் அதை வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கோ. தண்ணியும் கூடக் கொண்டுபோங்கோ, கடைகள் தூரத்துக்குத் தூரம்தான். பின்னேரம் மன்னாரை நெருங்க, 2010 இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயப் பக்கம், ஆழமில்லாத தண்ணியில் பூநாரைகள். ஒன்றுகூட நிமிர்ந்து எங்களைப் பார்க்கவில்லை.

அடுத்தநாள் சைக்கிள்களை பஸ்ஸில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தோம். அம்மா பூநாரைப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தா. பிறகு கேட்டா:

“பாலத்திலை சனமோ?”

“இல்லையம்மா. மீன் பிடிக்கிற ரெண்டு பேர்.”

“கடக்க எவ்வளவு நேரம் எடுத்தது?”

“ஒரு நிமிசம்கூட இல்லை.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா.

“அடுத்தமுறை ரெண்டு ரியூப் கொண்டுபோ.”